விலை ஒட்டாத மருந்துப் பை

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் நான் இருபத்தெட்டு வருடம் பஸ்ஸுக்கு நின்ற தரிப்பிடத்துக்கு நேர் எதிரே இப்போது ஒரு புதுக் கடை வந்திருக்கிறது. கண்ணாடியில் ஆள் உயரத்துக்குக் கஞ்சா இலை வரைந்திருக்கிறார்கள். உள்ளே எண்ணெய், மிட்டாய், முகத்துக்குப் பூசும் கிரீம், நாய்க்குக் கொடுக்கிற பிஸ்கட் என்று எல்லாவற்றிலும் அந்த இலைதான். போதை தரும் சத்தை நீக்கிவிட்டுச் செய்ததாம். வேலையற்ற ஒரு பின்னேரம் உள்ளே போய் ஒரு சின்னப் போத்தலின் விலையைப் பார்த்தேன். பார்த்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதை நான் முன்பு வேலை செய்த மருந்துக்கடையில் போய்ச் சொன்னபோது இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அசல் கஞ்சா மருந்தையே விசேட வைத்தியர்கள் எழுதலாம் என்று சட்டம் மாறிவிட்டது. ஆனால் பெரும்பாலான நோயாளிகள் இன்னும் கைக்காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். "விலையைச் சொல்லேக்கை சனத்தின்ர முகத்தைப் பாக்கேலாமக் கிடக்கு அன்ரி. நீங்கள் அந்தக் காலத்திலை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் சமாளிக்கவில்லை. பொய் சொன்னேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் ஆஸ்பத்திரி மருந்தாளராக நான்கு வருடம் வேலை செய்தவள். எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்து என் சான்றிதழை நீட்டியபோது, அதைப் பார்த்த அதிகாரி கடதாசி நல்ல தடிப்பு என்று மட்டும் சொன்னார். ஓர் ஆஸ்பத்திரியின் நிலவறையில் குளிசை எண்ணிக்கொண்டே திரும்பப் படித்து, ஸ்ட்ரெதத்தில் ஒரு மருந்துக்கடையில் டிஸ்பென்சராகச் சேர்ந்தேன். வைத்தியர் எழுதிய மருந்தை எடுத்து, எண்ணி, நோயாளியின் பெயர் போட்ட லேபிள் ஒட்டி, பார்மசிஸ்டின் முன்னால் வைப்பது என் வேலை. அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது வாசல் தாண்டும்.

அந்தக் கையெழுத்து மிஸஸ் ஹியூஸுடையது. வேல்ஸ்காரி. கடையும் அவருடையது, பார்மசிஸ்டும் அவரே. கட்டுப்பாட்டு மருந்துகள் வைக்கும் இரும்பு அலமாரியின் சாவியைக் கழுத்தில் ரிப்பனில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. பிரச்சினை என்று யார் போனாலும் பேனாவைக் கீழே வைப்பார், கண்ணாடியைக் கழற்றுவார், "எங்கே, காட்டுங்கள்" என்பார். கதை கேட்கமாட்டார். போத்தலைக் காட்ட வேண்டும், சீட்டைக் காட்ட வேண்டும், தடித்த கையைக் காட்ட வேண்டும். காட்ட ஒன்றும் இல்லாதவர்கள் தாங்களாகவே போய்விடுவார்கள். முதல் இரண்டு வருடம் எனக்கு அவரைக் கண்டால் நடுக்கம். பிறகு அவர் போல் ஒருவரிடம் வேலை செய்யக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

அரசாங்கக் காசில்லாமல் நோயாளியே முழு விலையும் கொடுக்கிற பிரைவேட் சீட்டுக்கு விலை போடுவதில் அவருக்கு ஒரே விதிதான். மருந்து கடைக்கு வந்த விலை, அதற்கு மேல் அதில் பாதி. மலிவு மருந்தானாலும் கொள்ளை விலை மருந்தானாலும் அதே விதி. பென்சிலால் கணக்குப் போட்டு விலைத் துண்டைப் பையில் ஒட்டுவது என் கை.

கஞ்சா ஸ்ப்ரே எங்கள் கடைக்கு முதலில் வந்தது இரண்டாயிரத்து ஏழில். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த சாறு, சுண்டுவிரல் அளவு போத்தல். எம்.எஸ். என்கிற நரம்பு நோய்க்காரருக்குக் கால் இறுகிப் பிடிப்பதைத் தளர்த்தும். இங்கிலாந்தில் செய்த மருந்துக்கு இங்கிலாந்தில் அனுமதி கிடைக்காமல், கனடாவில் அனுமதி பெற்று, கனடா மருந்தாக இங்கே இறக்குமதியானது. எங்கள் சனம் ஜேர்மனியில் விசா எடுத்து லண்டனுக்கு வந்து சேர்வதுபோலத்தான். கடையில் வாங்கி அடுக்கி வைக்க முடியாது. விசேட வைத்தியரின் கடிதம் வர வேண்டும், இன்னார் பெயருக்கு என்று எழுதி அனுப்ப வேண்டும், வந்ததும் பூட்டுப் போட்ட குளிர்ப்பெட்டியில் வைத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் அடிக்க வேண்டும், ஒவ்வொரு தரமும் இடம் மாற்றி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய் வெந்துவிடும். இவற்றை மிஸஸ் ஹியூஸ் வெறும் போத்தலை வைத்து எனக்கு மூன்று தரம் செய்து காட்டினார்.

கடிதத்தோடு வந்தவர் குணம். டூட்டிங்கில் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடுகிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஜேர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவருடைய மனைவி சாந்தாவுக்கு எம்.எஸ். வந்து எட்டு வருடம். படுக்கப் போனால் இரண்டு காலும் கட்டையாக இறுகும், கண்மூட விடாது. மற்ற மருந்து எதுவும் பிடிக்கவில்லை. இந்த ஸ்ப்ரேக்கு அரசாங்கக் காசு தரச் சொல்லி வைத்தியர் எழுதிய கடிதத்துக்கு, நிதி ஒதுக்க இயலாது என்று பதில் வந்துவிட்டது. ஆகவே பிரைவேட் சீட்டு.

மாதம் இரண்டு போத்தல் வேண்டும். நான் விலையைச் சொன்னேன். ஏறக்குறைய நானூறு பவுண்.  குணம் கவுண்டரில் குனிந்து, "அக்கா, ஒரு உதவி. பையிலை விலைத் துண்டு ஒட்டாதேங்கோ. ரசீதும் வேண்டாம்" என்றார்.

"ஏன் தம்பி?"

"அவவுக்கு இது சும்மா வாறது எண்டுதான் சொல்லப்போறன். விலை தெரிஞ்சா தொடமாட்டா. ஒரு ரீ பாக்கிலை ரெண்டுதரம் தேத்தண்ணி ஊத்திற மனிசி."

பொய் நிற்கக்கூடிய பொய்தான். சாந்தா தனியே வெளியே போக முடியாதவள் என்பதால் அரசாங்க விதிப்படி அவளுடைய மற்ற மருந்துகளுக்கெல்லாம் காசில்லை. இதுவும் அந்தக் கணக்கில் என்றால் நம்புவாள். நோயாளியிடம் விலையை மறைப்பது சரியா என்று மிஸஸ் ஹியூஸைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சரியில்லை என்பார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. துண்டு ஒட்டாத பையைக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் குணம் வந்தபோது முகம் பத்து வயது குறைந்திருந்தது. "ஆறு மணித்தியாலம் ஒரே நித்திரை, அக்கா. நான்தான் பயத்திலை எழும்பி மூச்சு வருதோ எண்டு பாத்தனான்" என்றார். எனக்கும் சந்தோஷம். மருந்துக்கடையில் வேலை செய்கிறவர்களுக்கு மருந்து வேலை செய்தது என்ற செய்தி பெரும்பாலும் வந்து சேர்வதில்லை, சுகமானவர் திரும்பி வரமாட்டார். ஏழு மாதம் இப்படிப் போனது.

எட்டாம் மாதம் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை குணம் வந்து நின்றார். சீட்டு இல்லை. இரண்டு போத்தலும் முடிந்துவிட்டதாம், இன்னொன்று வேண்டுமாம். "வைத்தியர் எழுதினா நான் காசு தருவன் அக்கா, இப்ப அவசரத்துக்கு ஒண்டு." முகத்தில் பயம். மனைவி கூடுதலாக அடிக்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம், வாய்விட்டுச் சொல்லவில்லை.

மிஸஸ் ஹியூஸ் பேனாவை வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார். "எங்கே, காலிப் போத்தல்களைக் காட்டுங்கள்." குணம் ஒன்றை எடுத்து வைத்தார். மற்றதைக் காணவில்லை. "ஒரு போத்தல்தான் தீர்ந்திருக்கிறது. மற்றது எங்கே என்று தெரியும்வரை நான் ஒன்றும் தரமாட்டேன்" என்றார் அமைதியாக. குணம் போனதும் என்னைப் பார்த்தார். "அந்த அம்மாவோடு அவருடைய மொழியில் பேசக்கூடியவர் நீங்கள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போத்தலைக் கண்ணால் கண்டுவிட்டு வாருங்கள்." குணம் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நான் அங்கியைக் கழற்றிவிட்டு டூட்டிங்குக்குப் பஸ் ஏறினேன்.

சாந்தா ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்து, சாமான் வாங்கிய பிளாஸ்ரிக் பைகளை முக்கோணம் முக்கோணமாக மடித்து ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மருந்துக்கடை என்று சொன்னதும், நான் கேட்க முன்னமே ஒப்புக்கொண்டுவிட்டாள். ஒளிக்க வேண்டிய காரியம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

"ஓம் அக்கா, மற்றதை நான்தான் அனுப்பினனான். சும்மா தாற மருந்துதானே, முடிஞ்சா இன்னொண்டு தருவினம். என்ர அக்கா சென்னையிலை வளசரவாக்கத்திலை வாதக்காலோட கிடக்கிறா. காலமைதான் மேல்வீட்டு வெங்கட்டிட்டைக் குடுத்துவிட்டன். பின்னேரம் பிளேன்."

 அவளைக் குறை சொல்ல முடியவில்லை. இங்கே சும்மா கிடைப்பதை அங்கே அனுப்புவது எங்கள் சனத்தின் தீராத வழக்கம். பனடோல், பிளாஸ்ரர், சீனி பார்க்கிற கருவி, கால்வலிக் களிம்பு என்று ஊருக்குப் போகிற பெட்டியில் பாதி மருந்துக்கடையாகத்தான் இருக்கும். நானே அனுப்பியிருக்கிறேன். ஆனால் இது வேறு சரக்கு.

"சாந்தா, உது கஞ்சாவல்லோ!"

"தெரியும் அக்கா, டொக்டர் சொன்னவர். என்ர பேர் போட்டு லேபிள் ஒட்டித்தானே கிடக்கு. களவா ஒண்டும் குடுக்கேல்லையே."

"உம்மட பேர் போட்டதை நீர் மட்டும்தான் வைச்சிருக்கலாம். அந்தப் பெடியன்ர பெட்டிக்குள்ளை கண்டாங்களெண்டால் அவன் உள்ளுக்கை. எங்கட கடையும் இழுபடும். போனை எடும்!"

நல்ல காலம், வெங்கட் இன்னும் மேலே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். தமிழ்நாட்டுப் பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியர். சேலைத்துண்டில் சுற்றிய பொதியைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தான். "உள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கவே இல்ல ஆன்ட்டி. தைலம்னு நெனச்சு ஷேவிங் செட்டோட வச்சிருந்தேன்" என்றான். நான் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டான். "ஆன்ட்டி, எங்கப்பா சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸ்லதான் இருக்காரு." சாந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவனிடம் பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டாள், அவன் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மேலே ஓடினான்.

போத்தல் உறை கிழியாமல் இருந்தது. மிஸஸ் ஹியூஸுக்குப் போன் செய்தேன். காலையிலிருந்துதான் குளிருக்கு வெளியே இருந்தது என்பதால் அவளே பாவிக்கலாம் என்று விசாரித்துச் சொன்னார். வந்த வேலை முடிந்தது. சாந்தாவின் குசினியில் நானே தேநீர் போட்டு எடுத்துவந்தேன். சுவரில் நான் போகிற கோயிலின் கலண்டர் தொங்கியது. "அட, நானும் ஞாயிறிலை இஞ்சதான் போறனான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

சாந்தாவின் முகம் மாறியது. கோப்பையை மடியில் வைத்தாள்.

"அப்ப என்ர மனிசனைக் காணுறனீங்களே அக்கா? எட்டு மாசமா ஒவ்வொரு ஞாயிறும் அங்க சமையலறைத் தொண்டுக்குப் போறார்."

சமையலறைக்குள் எட்டிப் பார்க்காமல் நான் ஒரு ஞாயிறும் வீடு திரும்பியதில்லை. அங்கே குணத்தைக் கண்டதேயில்லை.  என் முழியே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"எனக்குத் தெரியும், போறேல்லையெண்டு. பிரசாதம் எண்டு வடை கொண்டுவாறவர். கடிச்சுப் பாத்தா வெங்காயம்! கோயில் வடையிலை வெங்காயம் போடுவினமே அக்கா? டூட்டிங்கிலை எந்தக் கடை வடையெண்டும் எனக்குத் தெரியும்." குரல் உடைந்தது. "வேறை ஆரோ ஒருத்தி இருக்கிறா. நான் இப்பிடிக் கிடக்கிறன், அவர் என்ன செய்வார் பாவம். நான் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டா உள்ளதும் போயிடுமெண்டு பேசாமல் இருந்தனான்."

எட்டு மாதம். மருந்து தொடங்கியும் எட்டு மாதம். நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். நான்கு ஞாயிறு மினிகாப் ஓடினால் அந்த நானூறு பவுண் வரும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. குணத்துக்குக் கொடுத்த வாக்கும் கிடந்தது, விலை தெரிந்தால் இவள் மருந்தை விட்டுவிடுவாள் என்ற பயமும் கிடந்தது. ஆனால் நல்ல மனிதன் ஒருவனைப் பற்றி அவனுடைய மனைவி இப்படி நினைத்துக்கொண்டு இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விலையைச் சொன்னேன்.

சாந்தா முதலில் நம்பவில்லை. ஒரு போத்தலுக்கா, வருடத்துக்கா என்று கேட்டாள். பிறகு அந்தச் சின்னப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "இதுதானோ? இதுக்குத்தானோ?" என்று கேட்டுக்கேட்டு அழுதாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு. அப்படி ஓர் அழுகையை நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஒருநாளும் கண்டதில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"மருந்தை விட்டுடுவீரோ?" என்று கேட்டேன். அதுதான் என் பயம்.

"விடுறதோ? அந்த மனிசன் ஞாயிறு ஞாயிறா முதுகு நோகக் கார் ஓடி வாங்கினது. இனி ஒரு சொட்டும் வீணாக்கமாட்டன். ஆனா அக்கா, எனக்குத் தெரியுமெண்டு அவருக்குச் சொல்லாதேங்கோ. தெரிஞ்சா வெக்கப்படுவார். அவர் கோயிலுக்குப் போகட்டும்."

கடைக்குத் திரும்பி மிஸஸ் ஹியூஸிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். விலைத் துண்டை ஒட்டாமல் விட்டது, வாக்குக் கொடுத்தது, வாக்கை மீறியது, எல்லாம். வேலை போனாலும் பரவாயில்லை என்ற துணிவு எங்கிருந்தோ வந்திருந்தது. கடைசியில் இதையும் சொன்னேன்: "அந்த மனிதருடைய நான்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுக்கு மேல் எங்கள் கடை லாபத்துக்குத்தான் வருகிறது."

அவர் பேனாவை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எங்கே, காட்டுங்கள்."

நான் மருந்து வந்த பில்லையும் என் பென்சில் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். முதலில் எனக்குத் திட்டு விழுந்தது. நோயாளிக்கு மருந்து தருகிறவர் நோயாளியிடம் கேட்காமல் அவளுக்காக முடிவெடுக்கக் கூடாது என்றார். நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். பிறகு பென்சிலை எடுத்தார். "பாதி கூட்டுவது எதற்காக என்று தெரியுமா? நான் முதல் போட்டு மருந்தை வாங்கித் தட்டில் வைக்கிறேன், விற்காமல் பழுதானால் எனக்கு நட்டம். அதற்காகத்தான். இதை நான் வாங்கி வைக்கவில்லை. அவர் முதலே காசு கட்டுகிறார், நான் பிறகு எடுப்பிக்கிறேன். எனக்கு என்ன நட்டம் வரப்போகிறது?" சொல்லிக்கொண்டே கூட்டிய பாதியின் மேல் ஒரு கோடு இழுத்தார். "இந்த விதி இந்த மருந்துக்குப் பொருந்தாது. எட்டு மாதமாகப் பிழையாகப் போட்டிருக்கிறோம். கூட வாங்கினதை வருகிற மாதங்களில் கழித்துவிடுங்கள்." இரக்கப்பட்டதாக ஒரு சொல் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தார். அந்தப் பெண்மணியை நான் அன்றைக்குத்தான் முழுதாகக் கும்பிட்டேன், மனதுக்குள்.

குணத்துக்குக் கடைதான் பிழையாக விலை போட்டுவிட்டது, இனிக் குறைவு, கூட வாங்கினதும் கழியும் என்று சொன்னேன். இது பொய்யில்லை என்பதில் எனக்குத் தனித் திருப்தி. அவர் மனக்கணக்குப் போட்டார். "அப்ப மாசத்திலை ரெண்டு ஞாயிறு எனக்கு மிஞ்சும் அக்கா" என்றவர், எதையோ உளறிவிட்டதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் ஒன்றும் தெரியாதவள்போல் பையை நீட்டினேன். விலைத் துண்டு ஒட்டவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு சக்கர நாற்காலி வந்தது. சாந்தா நீலப் பட்டுச்சேலை, தலையில் பூ. தள்ளிக்கொண்டு வந்த குணத்துக்கு அந்தக் குளிரிலும் வியர்த்து ஒழுகியது. பிறகுதான் அறிந்தேன், வேலைக்குப் போகத் தேவையில்லாத அந்த ஞாயிறும் வழக்கம்போல் வீட்டைவிட்டுப் புறப்படத்தானே வேண்டும் என்று அவர் சப்பாத்தைப் போட்டபோது, "இண்டைக்கு நானும் வாறன், கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சாந்தா சொல்லியிருக்கிறாள். மறுக்க அவருக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

வாசலில் கோயில் சபைக்காரர் ஒருவர் நின்றார். வருகிறவர்களையெல்லாம் விசாரிக்கிற நல்ல மனிதர். குணத்தை மேலும் கீழும் பார்த்து, "காணாத முகமாக் கிடக்கு தம்பி. முதல்தரமோ வாறீங்கள்?" என்றார்.

எட்டு மாதமாக அந்தக் கோயிலில் சோறு வடித்த குணம் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். 

சாந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஓம் அண்ணை," என்றாள். "நாங்கள் ரெண்டு பேரும் இண்டைக்குத்தான் முதல்தரம் வாறம்."

குணம் குனிந்து நாற்காலியின் பிறேக்கைப் பார்க்கத் தொடங்கினார். அதில் ஒரு பிழையும் இல்லை. சாந்தா கையை நீட்டி அவருடைய தலையில் வைத்தாள். வாசலில் வரிசை சேர்ந்துவிட்டது, ஆனால் யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை.